உப்பும் மதிலும்: ஏக்-மோர்த் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

தென் பிரான்சில் மத்தியதரைக் கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, சதுப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவே இருக்கும் சிற்றூர் ஏக்-மோர்த். கார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. 13ஆம் நூற்றாண்டு மதில் நான்கு பக்கமும் உடையாமல் நிற்கிறது. இந்த ஊருக்குப் போகலாமா, எப்படிப் போவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பாரிஸிலிருந்து தெற்கே போக ஆறு நாள் வைத்திருக்கிறோம். நீம், ஆர்ல் எல்லாம் பார்க்கிறோம். ஏக்-மோர்த்துக்கு அரை நாள் போதும் என்று டிராவல்ஸ்காரர் சொல்கிறார். சரிதானா?
(வாசகி, கோயம்புத்தூர்)

அரை நாளில் மதிலைச் சுற்றிவிடலாம், படமும் எடுத்துவிடலாம். ஆனால் அப்படிப் போய் வந்தவர்கள்தான் "கடைத்தெருவும் கூட்டமும்தான் இருந்தது" என்று சொல்கிறார்கள். காரணம் நேரம். காலை பத்தரை மணிக்கு மேல் கோடைக் கடற்கரைகளிலிருந்து கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வரத் தொடங்கும். மாலை ஆறரைக்கு அவை திரும்பிவிடும். அந்த எட்டு மணி நேரத்தில் மட்டும் இந்த ஊரைப் பார்ப்பவர்கள், ஊர் சந்தையாக இருக்கும் நேரத்தையே பார்க்கிறார்கள்.

எங்கள் யோசனை: இரண்டு இரவு தங்குங்கள். மதிலுக்கு உள்ளேயோ, வெளியே நடந்து வரும் தூரத்திலோ அறை எடுங்கள். முதல் நாள் மாலை வந்து சேருங்கள். மறுநாள் காலை திறந்தவுடன் கோபுரமும் மதிலும், நடுப்பகலில் உப்பளம், வெயில் தாழ்ந்தபின் கால்வாய் ஓரமாக நடை. மூன்றாம் நாள் காலை சந்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். புதன், ஞாயிறு காலைகளில் மதிலுக்கு வெளியே சந்தை கூடும். அந்தக் கிழமைகளில் ஒன்று பயணத்துக்குள் வருமாறு தேதி வைத்துக்கொண்டால் நல்லது.

எந்த மாதம் என்றால், மே பாதி முதல் ஜூன் பாதி வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அக்டோபரில் வேறொரு சிறப்பு உண்டு, அதைக் கீழே மாடுகள் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறோம். ஜனவரி, பிப்ரவரியில் ஊர் உண்மையிலேயே அமைதியாக இருக்கும். ஆனால் பல விடுதிகளும் உணவகங்களும் அப்போது மூடியிருக்கும். வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று எலும்பு வரை குளிரும்.

கேள்வி: ரயிலில் எப்படிப் போவது? வழியில் இறங்கி மாற வேண்டுமா?
(வாசகர், சேலம்)

பாரிஸில் கார்-த-லியோன் நிலையத்திலிருந்து நீம் நகருக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நீமில் இறங்கி, லெ க்ரோ-துய்-ருவா என்னும் கடற்கரை ஊர் வரை போகும் வட்டார ரயிலுக்கு மாறுங்கள். முக்கால் மணி நேரத்தில் ஏக்-மோர்த் வரும். நிலையத்திலிருந்து மதில் வாசலுக்கு நடந்தே போய்விடலாம்.

டிக்கெட் எடுக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். நீமுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. ஒன்று ஊருக்கு நடுவில் இருக்கும் நீம் சோந்த்ர். மற்றது 2019 டிசம்பரில் திறந்த நீம் பொன்-துய்-கார். இது நகரத்துக்கு வெளியே வயல்வெளியில் இருக்கிறது. ஏக்-மோர்த் ரயில் நகர நிலையத்திலிருந்துதான் கிளம்பும். அதிவேக ரயில்களில் சில வெளி நிலையத்தில் மட்டுமே நிற்கும். அப்படிப்பட்ட டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் பதற வேண்டாம். அங்கிருந்து நகர நிலையத்துக்கு வட்டார ரயில் பத்து நிமிடப் பயணம்தான். ஆனால் அந்த இணைப்பு நேரத்தையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். மோன்பெலியேவிலும் இதே சிக்கல்: நகரத்துக்குள் சேன்-ரொக், வெளியே சுய்த்-த-ஃப்ரான்ஸ்.

இரண்டாவது, ஏக்-மோர்த் பாதையில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். கிளைப்பாதை என்பதால் பராமரிப்பு நாட்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அது நிலையத்துக்கு வெளியிலிருந்து கிளம்பும். முதலில் இந்தச் சின்ன ரயிலின் நேரத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்றாற்போல் பாரிஸ் ரயிலைப் பிடியுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்து நீமில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காரில் வருபவர்கள் ஏ9 நெடுஞ்சாலையில் 26ஆம் வெளிவழியில் (கலார்க்) இறங்குங்கள். மதிலுக்குள் வெளியூர்க் கார் நுழைய முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே கட்டண நிறுத்தங்கள் இருக்கின்றன. விடுதிக்காரரிடம் எந்த நிறுத்தம் பக்கம் என்று முன்பே கேட்டுவிட்டால், கல் பாவிய தெருவில் பெட்டியை உருட்டும் தூரம் குறையும்.

கேள்வி: என் அண்ணன் குடும்பம் பாரிஸ் அருகே லா கூர்னவில் இருக்கிறது. அங்கே பத்து நாள், ஏக்-மோர்த்தில் மூன்று நாள் என்று திட்டம். விசாவுக்கு என்ன காட்ட வேண்டும்?
(வாசகர், புதுச்சேரி)

குறுகிய கால ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள், ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, பயண நாட்கள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்கட்டும்.

உறவினர் வீட்டில் தங்கும் நாட்களுக்கு வெறும் அழைப்புக் கடிதம் செல்லாது. அண்ணன் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற தங்கவைப்புச் சான்று வாங்க வேண்டும். அதற்கு 30 யூரோ வரி முத்திரை. வீட்டின் அளவையும் வருமானத்தையும் பார்த்துத்தான் தருவார்கள், சில நகராட்சிகளில் வாரக்கணக்கில் ஆகும். சான்றின் மூலப் பிரதி உங்கள் கைக்கு வந்து சேரும் நாளையும் கணக்கிடுங்கள். அந்தச் சான்றில் பத்து நாள் தேதிகளும், விடுதிப் பதிவில் மீதி மூன்று இரவுகளும் விடுபடாமல் பொருந்த வேண்டும். நடுவில் ஓர் இரவு எங்கே என்று தெரியாமல் போவதுதான் கேள்விக்கு இடம் கொடுக்கும்.

கேள்வி: எங்கள் ஊரிலும் உப்பளம் உண்டு. ஏக்-மோர்த் உப்பளத்து நீர் இளஞ்சிவப்பாக இருக்கும் படங்கள் பார்த்தேன். சாயமா, உண்மையா? அங்கே எப்படி உப்பு விளைவிக்கிறார்கள்?
(வாசகர், தூத்துக்குடி)

முழுக்க உண்மை. உப்பு ஏற ஏற மற்ற உயிர்கள் எல்லாம் மாய்ந்த பிறகும் துனலியெல்லா சலினா என்ற நுண்பாசி வாழ்ந்துகொண்டிருக்கும். கடும் வெயிலிலிருந்தும் உப்பிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள அது கேரட்டில் இருக்கும் அதே பீட்டா-கரோட்டீனைச் சேர்த்து வைக்கிறது. உப்பை விரும்பும் வேறு நுண்ணுயிர்களும் நிறம் சேர்க்கும். எனவே வெயில் ஏறும் மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரைதான் நிறம் அடர்த்தி. மார்ச்சில் போய்விட்டு ஏமாந்தோம் என்று எழுதுபவர்கள் உண்டு. அப்போது நீர் இன்னும் நீர்த்த நிலையில் இருக்கும், நிறம் வந்திருக்காது. மழை பெய்த மறுநாளும் மங்கிவிடும். படம் எடுப்பதென்றால் காற்றில்லாத நாளில், சூரியன் உச்சியில் இருக்கும்போது எடுங்கள். மாலையில் நீர் வானத்தைப் பிரதிபலிக்கும், சொந்த நிறம் அமுங்கிவிடும்.

இனி உப்பு. மத்தியதரைக் கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்புகள். அதில் சோற்றுப்பு ஏறக்குறைய 30 கிராம். சோற்றுப்பு படிய வேண்டுமென்றால் அது லிட்டருக்கு 260 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். அதாவது நீர் ஒன்பதில் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும். மார்ச்சில் கடல்நீரை ஏற்றத் தொடங்குவார்கள். ஒரு தேக்கத்திலிருந்து அடுத்ததற்கு என்று பல கிலோமீட்டர் சுற்றிவரும் வழியில் வெயிலும் காற்றும் நீரை இழுத்துக்கொள்ளும். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அந்த நடுத் தேக்கங்களில் படிந்துவிட வேண்டும், அதன் பிறகே படிகப் பாத்திக்கு நீரை விடுவார்கள். சோற்றுப்பு படிந்தபின் மிஞ்சும் மக்னீசிய நீரை வடித்துவிடாவிட்டால் உப்பு கசக்கும், ஈரமும் இழுக்கும். இவை உங்களுக்குத் தெரிந்த வேலைதான்.

உங்கள் ஊரோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு அறுவடையில். தூத்துக்குடியில் சிறு பாத்திகளில் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப உப்பு வாருவார்கள். ஏக்-மோர்த்தில் கோடை வறட்சி குறுகியது, செப்டம்பர் கடைசியிலிருந்து செவேன் மலைப் பக்கமிருந்து பெருமழை வரக்கூடும். ஆகவே பெரிய பாத்திகளில் கோடை முழுக்கப் படியவிட்டு, ஆகஸ்ட் இறுதியிலிருந்து மழைக்கு முன் ஆண்டுக்கு ஒரே தடவை இயந்திரத்தால் அள்ளுகிறார்கள். அள்ளியதைக் குவிக்கும் வெள்ளை மலைகளைத்தான் மதில் மேலிருந்து பார்ப்பீர்கள்.

'ஃப்லர்-த-செல்' என்று விலை உயர்ந்து விற்கும் உப்பு வேறு வகை. நல்ல வெயில் அடித்த நாளில், மெல்லிய காற்று இருந்தால், பாத்தியின் மேற்பரப்பில் ஏடு கட்டும். காற்று பலத்தால் ஏடு உடைந்து மூழ்கிவிடும், காற்றே இல்லாவிட்டால் கட்டாது. மூழ்குமுன் கையால் வழித்தெடுக்கிறார்கள். கூலியும் அரிதும்தான் அந்த விலை.

உப்பளத்துக்குள் தனியாக நடக்க அனுமதி இல்லை. 1856இல் தொடங்கிய சலேன்-துய்-மிதி நிறுவனம் நடத்தும் சின்னச் சுற்றுலா வண்டியிலோ, அவர்கள் அனுமதிக்கும் சைக்கிள் பாதையிலோ, வழிகாட்டி நடையிலோதான் போகலாம். வண்டிச் சுற்று ஒன்றேகால் மணி நேரம் அளவில், உப்பு மலையில் ஏறிப் பார்க்க நிறுத்துவார்கள். குளிர்காலத்தில் ஓடாது. கோடையில் முன்பதிவு செய்யுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணை வலிக்கச் செய்யும். தோல் செருப்பு வேண்டாம், உப்புநீர் பட்டால் வெடித்துவிடும்.

இந்த உப்புக்கு ஒரு கறுப்பு நாள் இருக்கிறது, அங்கே போகிறவர்கள் அதையும் அறிந்திருக்க வேண்டும். அறுவடைக்கு அந்தக் காலத்தில் எடைக்கு ஏற்பக் கூலி கொடுத்து, உள்ளூர்க்காரர்களையும் இத்தாலியத் தொழிலாளர்களையும் ஒரே குழுவில் சேர்த்து வேகம் கூட்டினார்கள். 1893 ஆகஸ்ட் 16இல் மூண்ட சண்டை மறுநாள் இத்தாலியர் வேட்டையாக மாறியது. அரசு கணக்கில் இறந்தவர்கள் 8 பேர். அங்குலேமில் நடந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையானார்கள். பிழைப்புக்காக எல்லை தாண்டிப் போகிறவர்களின் வரலாறு தெரிந்த நம் வாசகர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, மூட்டு வலி. மதிலில் ஏற முடியுமா? அந்தப் பெரிய கோபுரத்தில் பெண்களைச் சிறை வைத்தார்கள் என்று படித்தேன், விவரம் சொல்லுங்கள்.
(வாசகி, சென்னை)

மதிலின் சுற்று 1,634 மீட்டர். மேல் நடைபாதை அகலமானது, பெரும்பாலும் சமதளம். சிக்கல் ஏறுவதும் கோபுரங்களுக்கு இடையே வரும் படிகளும்தான். அம்மா இரண்டு மாடி படியை நிதானமாக ஏறுவார் என்றால் முடியும். ஆனால் ஏறினால் முழுச் சுற்றும் நடப்பதாக நினைத்தே ஏறுங்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நிழல் இல்லை, வழியில் குடிநீர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். காலை பத்து மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பலத்த காற்றிலோ இடி மழையிலோ மதில் நடையை மூடிவிடுவதுண்டு, அதற்காகத்தான் இரண்டு இரவு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். 18 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 விடுமுறை.

அம்மாவால் முடியாவிட்டால் வருந்த வேண்டாம். தெற்கு மதிலுக்கு வெளியே சமதளமாக நடந்தால் கோட்டையின் முழு நீளமும் தெரியும். உள்ளே சேன்-லூயி சதுக்கத்தில் உட்கார இடம் உண்டு. பக்கத்திலேயே நோத்ர்-தாம்-தே-சப்லோன் தேவாலயம். அதன் வண்ணக் கண்ணாடி சன்னல்கள் ஓவியர் க்ளோத் வியாலா வடித்தவை, 1991இல் பொருத்தப்பட்டவை. படி ஏறாமல் காணக் கிடைக்கும் அருமையான காட்சி அதுதான்.

கோன்ஸ்தான்ஸ் கோபுரம் மதிலுக்கு முந்தியது. தன் நாட்டுக்கு மத்தியதரைக் கடலில் சொந்தத் துறைமுகம் வேண்டுமென்று ஒன்பதாம் லூயி மன்னன் 1240களில் இதைத் தொடங்கினான். 1248இலும் 1270இலும் இங்கிருந்துதான் சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறினான். இரண்டாம் முறை தூனிசில் நோயில் இறந்தான். மதிலை அவன் மகன் மூன்றாம் ஃபிலிப் 1272இல் தொடங்கினான். 1481இல் மார்செய் துறைமுகம் பிரெஞ்சு அரசுக்கு வந்ததும் இந்தத் துறைமுகத்தின் தேவை போயிற்று, கால்வாய்களும் மண் மேடிட்டன. வளராமல் நின்றதால்தான் மதில் இடிபடாமல் பிழைத்தது.

கோபுரச் சுவர் ஆறு மீட்டர் தடிப்பு. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்ட மண்டபங்கள், இடையில் தரையில் ஒரு வட்டத் துளை. புராட்டஸ்டன்ட் வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் மேல் மண்டபத்தில் அந்த மதத்துப் பெண்களை அடைத்தார்கள். மரி துய்ரான் 1730இல் 19 வயதில் உள்ளே வந்தார். அவர் சகோதரர் மறைவாகப் போதகராக இருந்ததுதான் குடும்பத்தின் மேல் விழுந்த குற்றம். அந்தச் சகோதரர் 1732இல் மோன்பெலியேவில் தூக்கிலிடப்பட்டார். மதத்தைக் கைவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறந்திருக்கும். சொல்லவில்லை. 1768இல், 38 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தார். துளையின் கல் விளிம்பில் 'எதிர்த்து நில்' என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுச் சொல் கீறப்பட்டிருக்கிறது. அது அவர் கீறியது என்பது மரபு, சான்று கிடையாது. இப்போது கண்ணாடியால் மூடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். பலர் மேலே மொட்டை மாடியைப் பார்க்கும் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மேல் மண்டபத்தின் நடுவில் குனிந்து பாருங்கள்.

மொட்டை மாடிக்குச் சுருள் படி, குறுகல். மூட்டு வலிக்காரர்கள் மண்டபங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: அந்தப் பகுதியிலும் ஜல்லிக்கட்டு உண்டு என்கிறார்களே? மாட்டைக் கொல்வார்களா?
(வாசகர், மதுரை)

கொல்வதில்லை. ஸ்பானிய முறை எருதுச் சண்டை நீம், ஆர்ல் நகரங்களில் தனியாக நடக்கிறது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், டிக்கெட் வாங்கும்போது சுவரொட்டியை நன்றாகப் பாருங்கள். ஏக்-மோர்த்தைச் சூழ்ந்த சதுப்பு நிலமான கமார்க் பகுதிக்கே உரிய விளையாட்டு 'கூர்ஸ் கமார்கேஸ்'. மாட்டின் நெற்றியில் கொம்புகளுக்கு நடுவே சிவப்பு நாடா, கொம்பின் அடியில் இரண்டு வெள்ளைக் கம்பளிக் குஞ்சங்கள், கொம்பைச் சுற்றி நூல். வெள்ளை உடை அணிந்த வீரர்கள் கையில் பல் வைத்த சிறு கொக்கியோடு மாட்டின் குறுக்கே ஓடி, அந்த ஒரு நொடியில் இவற்றை அறுத்தெடுக்க வேண்டும். முதலில் நாடா, பிறகு குஞ்சம், பிறகு நூல். ஒரு மாட்டுக்கு 15 நிமிடம். நேரம் போகப் போக அறுபடாத பரிசின் தொகையை ஒலிபெருக்கியில் ஏற்றிக்கொண்டே போவார்கள். பதினைந்து நிமிடம் முடிந்தும் நூல் கொம்பிலேயே இருந்தால் மாடு வென்றது, கூட்டம் எழுந்து கைதட்டும்.

கொம்பில் கட்டியதை எடுப்பது என்ற அளவில் நம் மஞ்சுவிரட்டை நினைவுபடுத்தும். ஆனால் திமிலைத் தழுவுவது கிடையாது, மாட்டைப் பிடித்து நிறுத்துவதும் கிடையாது. ஆட்டத்துக்கு வருபவை பெரும்பாலும் காயடித்தவை, சிறிய உடல், கறுப்பு நிறம், மேல்நோக்கி வளைந்த கொம்பு. சுவரொட்டியில் வீரர்கள் பெயரைவிட மாட்டின் பெயர் பெரிதாக இருக்கும். புகழ்பெற்ற மாடுகளுக்குச் சமாதியே கட்டியிருக்கிறார்கள். 'லெ சாங்க்லியே' என்ற மாடு 1933இல் இறந்தது. அதன் சமாதி பக்கத்து லெ கைலார் ஊரில் இருக்கிறது. மாட்டைக் குடும்பத்தில் ஒருவராக வளர்க்கும் அலங்காநல்லூர் வீடுகளுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

ஏக்-மோர்த்தில் இதன் உச்சம் அக்டோபர் ஊர்த் திருவிழா. ஏறக்குறைய பத்து நாள். தெற்கு மதிலை ஒட்டி மரப் பலகைகளால் அரங்கு எழும்பும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு பங்கு. அவரவர் பங்கை அவரவரே கட்டி, விழா முடிந்ததும் பிரித்து எடுத்து வைக்கிறார்கள். அரசு இதை வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் பதிந்திருக்கிறது. இரண்டு இரவு என்று சொன்னோமே, இந்த விழாவுக்கு வருபவர்கள் மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குப் பல மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. மேய்ப்பர்கள் வெள்ளைக் குதிரைகளில் மாடுகளைச் சூழ்ந்துகொண்டு தெருவில் ஓட்டி வரும் 'அப்ரிவாதோ'வும் அதே நாட்களில் நடக்கும். வெடிச்சத்தம் கேட்டால் மாடு தெருவில் இருக்கிறது என்று பொருள். முடிந்ததற்கு மறுபடி வெடி. இடையில் இரும்புத் தடுப்புக்குப் பின்னால் மட்டும் நில்லுங்கள். தடுப்பின் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிடாதீர்கள், குழந்தையைத் தோளில் தூக்கி முன்வரிசைக்குப் போகாதீர்கள். மாட்டைவிடக் குதிரைகள்தான் ஓரத்தை உரசிக்கொண்டு வரும். அந்தத் தெருக்களில் நிறுத்திய காரை இழுத்துப் போய்விடுவார்கள்.

கேள்வி: முட்டையும் சாப்பிடாத சைவம். என்ன கிடைக்கும்? வீட்டிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?
(வாசகி, ஈரோடு)

உணவகத்தை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். ஊரின் பெயர் சொல்லும் உணவு கார்தியான், சிவப்பு ஒயினில் ஊறவைத்த மாட்டிறைச்சிக் குழம்பு. அடுத்தது தெலின் எனும் சிறு மட்டி. 'சைவ' சாலட்டிலும் பன்றி இறைச்சித் துணுக்கு தூவியிருக்கலாம். பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியில் பெரும்பகுதி கன்றின் இரைப்பை நொதியால் உறையவைத்தது, கண்டிப்பானவர்கள் அதையும் கேட்க வேண்டும். ஆரஞ்சுப் பூ நீர் மணக்கும் ஊர்ச் சிறப்பு இனிப்பு ரொட்டி ஃபூகாஸ், அதன் மாவில் வெண்ணெய் உண்டு, முட்டையும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது: சமையலறை உள்ள அறையை எடுங்கள். கமார்க் அரிசி அங்கேயே விளைவது, எல்லாக் கடையிலும் கிடைக்கும். சந்தையில் கத்தரி, தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் வகைக் குர்ஜெத், புதுப் பருவத்தில் பட்டாணி. ஞாயிறு மதியத்துக்கு மேல் பல கடைகள் அடைத்துவிடும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அடுப்பு பெரும்பாலும் மின்சாரத் தட்டு; அடி தட்டையான பாத்திரம் இல்லாவிட்டால் சூடு ஏறாது.

நெய், பால்கோவா, மைசூர்பாகு, பனீர் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, பிடித்தால் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், காய்கறிக்குத் தாவர நலச் சான்று வேண்டும். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, வறுத்த பருப்புப் பொடி, எண்ணெய் ஊறுகாய், காய்ந்த கறிவேப்பிலைப் பொடி கொண்டுபோகலாம்.

உணவகத்தில் மதியம் 12 முதல் 2 வரைதான் சமைப்பார்கள், இரவு ஏழுக்கு மேல். முதலில் 'போன்ஜூர்' சொல்லி, "ஜு ந மான்ஜ் நி வியாந்த், நி புவாஸோன், நி எஃப்" (இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன்) என்று உட்காரும் முன்பே கேளுங்கள். முடியாது என்றால் எழுந்து வருவதில் தவறில்லை. 'கராஃப் தோ' என்றால் குழாய்த் தண்ணீர், சாப்பாட்டோடு இலவசமாகத் தருவது சட்டம். குடிக்க நல்ல தண்ணீர்.

கேள்வி: ஜூலையில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. கொசு மோசம் என்கிறார்களே? கடலில் குளிக்க எங்கே போவது?
(வாசகர், லா கூர்னவ், பிரான்ஸ்)

கொசு உண்மை. சதுப்பில் முட்டைகள் காய்ந்து கிடக்கும், மழையோ நீர் ஏற்றமோ வந்ததும் சில நாளில் மொத்தமாகப் பறக்கும். அரசு சார்பில் 1958 முதல் கட்டுப்பாட்டு வேலை நடக்கிறது, ஆனாலும் காப்புப் பகுதிகளில் மருந்து தெளிப்பதில் எல்லை உண்டு. அந்தி சாயும் இரண்டு மணி நேரம்தான் கடுமை. அந்நேரத்தில் முழுக்கை மெல்லிய பருத்தி, கணுக்கால் மூடிய காலுறை. பூச்சித் தைலம் மருந்துக் கடையில் வாங்குங்கள், பிள்ளை வயதுக்கு ஏற்றதா என்று கேட்டு. அறை எடுக்கும்போது குளிர்சாதனம் இருக்கிறதா, சன்னலில் வலை இருக்கிறதா என்று கேளுங்கள். மிஸ்திரால் அடிக்கும் நாளில் கொசு இருக்காது.

கடலுக்கு: கால்வாயை ஒட்டி லெ க்ரோ-துய்-ருவா வரை சைக்கிள் பாதை, மேடு பள்ளம் இல்லை, 6 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பத்து நிமிடத்துக்குள். அந்த ஊர்க் கடற்கரை ஆழம் குறைவு, சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. மணல்மேடுகளும் பரந்த கரையும் வேண்டுமென்றால் எஸ்பிகேத் கடற்கரை; அங்கே நிழல் அறவே கிடையாது, குடையும் தண்ணீரும் சுமந்துபோக வேண்டும். ஜூலையில் காலை பத்துக்குள் போய் மதியத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பூநாரைகளை எங்கே, எப்போது பார்க்கலாம்?
(வாசகி, திருச்சி)

ஆண்டு முழுக்க. உப்பளச் சுற்றிலும், லெ க்ரோ-துய்-ருவா போகும் வழியிலுள்ள ஏரிகளிலும் நிற்கும். குளிர்கால முடிவில் இறகு நிறம் பளிச்சென்று இருக்கும், கூட்டமாகக் கழுத்தை ஆட்டி இணை தேடும். அவற்றின் நிறம் உப்புநீரில் வாழும் ஆர்தேமியா என்ற சிறு இறாலிலிருந்து வருவது. அந்த இறால் தின்பது மேலே சொன்ன பாசியை. குஞ்சுகள் சாம்பல் நிறம், சிவக்கச் சில ஆண்டுகள் ஆகும். சாம்பல் நிறப் பறவையைப் பார்த்து வேறு இனம் என்று எண்ணிவிடாதீர்கள். காரை விட்டு இறங்கி நெருங்கினால் பறந்துவிடும், கூடு கட்டும் காலத்தில் முட்டையையே விட்டுப் போகும். தொலைநோக்கி எடுத்துப் போங்கள்.

வடக்கே 3 கிலோமீட்டரில் கார்போனியேர் கோபுரம் இருக்கிறது. சதுப்பின் நடுவே ஊருக்கு வரும் ஒரே தரைவழியைக் காத்த காவல் கோபுரம். ஏறிப் பார்க்கக் கட்டணம் இல்லை. பக்கத்தில் சதுப்புக்குள் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், கொக்கு, நாரை வகைகளுக்கு அதுவே நல்ல இடம்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?
(வாசகர், கும்பகோணம்)

ஃப்லர்-த-செல். மதிலுக்குள் நினைவுப்பொருள் கடையில் வாங்குவதைவிட உப்பளக் கடையிலோ பல்பொருள் அங்காடியிலோ விலை குறைவு. வட்ட அட்டை டப்பாவில் வரும். ஈரம் புகாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி, கைப்பையில் அல்லாமல் பெட்டியில் வையுங்கள். குழம்பில் போட்டால் அதன் அருமை கரைந்துவிடும். தட்டில் பரிமாறியபின் தக்காளி, வெள்ளரி, வெண்ணெய் தடவிய ரொட்டி மேல் விரலால் தூவுங்கள். இதில் அயோடின் சேர்ப்பதில்லை, ஆகவே வீட்டு அன்றாடச் சமையலுக்கு அயோடின் உப்பை நிறுத்திவிட்டு இதற்கு மாற வேண்டாம்.